பச்சை வாளியில் பேப்பர் கப்

மூன்றாவது விசிலுக்கும் கதவு திறக்கவில்லை என்றால், முந்தின நாள் வாளியில் என்ன கிடந்தது என்பதைச் சுந்தரம்மாள் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல ஆரம்பித்துவிடுவாள்.

"ஏட்டி காளீஸ்வரி! வெள்ளிக்கெழம விரதம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே, நேத்து உன் வாளியில ஆறு முட்டை ஓடு கெடந்துச்சே, அது யாரு தின்ன முட்டை? வாளிய எடுத்துட்டு வாரியா, இல்ல இன்னும் சொல்லவா?"

கதவு திறந்துவிடும். காளீஸ்வரி ஈரக் கையோடு இரண்டு வாளிகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவருவாள். "ஏன் பெரியம்மா மானத்த வாங்குதிய?" என்பாள். அதற்குள் சுந்தரம்மாள் கையை முழங்கை வரைக்கும் மக்கும் குப்பை போடுகிற பச்சை வாளிக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருப்பாள்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற சாலையில், இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிற ஊராட்சி அது. அங்கே வீடு வீடாகக் குப்பை வாங்குகிற மூன்று பெண்களில் மூத்தவள் சுந்தரம்மாள். அறுபது தாண்டிவிட்டது, எவ்வளவு தாண்டிவிட்டது என்று அவளுக்கும் தெரியாது, ஆதார் அட்டைக்கும் தெரியாது. சேலைக்கு மேல் ஊராட்சி கொடுத்த பச்சைக் கோட்டு. ஆண்பிள்ளை அளவுக்குத் தைத்தது, முழங்காலைத் தொடும். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் விசில், விசிலோடு ஓர் ஊக்கு. கோயில் மாலைகளை இப்போது வாழைநாரில் கட்டுவதில்லை, நைலான் நூலில் கட்டுகிறார்கள். பூ மக்கும், நூல் மக்காது. அந்த நூலை நெம்பி எடுக்கத்தான் ஊக்கு. மூன்று சக்கரத் தள்ளுவண்டியைச் 'சப்பரம்' என்பாள். "சப்பரம் வருது, வழிய விடுங்கலே" என்றால் டீக்கடை முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கும்.

புருசன் வீரணன் பஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். போய்ப் பத்தொன்பது வருசம் ஆகிறது. அவரைப் பற்றிக் கேட்டால் சுந்தரம்மாள் கண்ணைக் கசக்கமாட்டாள். "நல்ல மனுசன்தான். ஆனா அந்த ஆளு போன பொறவுதான் எம்வீட்டு வாசல்ல பீடித்துண்டு பொறுக்குறத விட்டேன்" என்பாள். கேட்டவர்கள்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பார்கள்.

பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஆனால் எந்தப் பொருள் மண்ணில் எத்தனை நாள் கிடக்கும் என்று அவளைக் கேட்கலாம். முருங்கைக் கீரை நாலே நாள். வாழைப்பழத்தோல் இருபது. சத்திரப்பட்டிப் பக்கம் நெய்கிற பேண்டேஜ் துணி, பருத்தி என்பதால் ஒன்றரை மாசத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். நைட்டித் துணி என்றால் அவளுக்குக் கோபம் வரும். "கட்டுனவ செத்து, அவ பேத்தி செத்தாலும் அந்த நைட்டி சாகாது." தேங்காய்ச் சிரட்டையைப் பச்சை வாளியில் போடுகிறவர்களை அவள் மன்னித்ததில்லை. சிரட்டை மக்கத்தான் செய்யும், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் குழி நாலு தடவை நிறைந்துவிடும்.

குழி என்பது உரக்கூடத்துக் குழி. கண்மாய்க் கரைக்குக் கீழே, தகரக் கூரை போட்டு, நாலு சிமெண்டுத் தொட்டி. சாணி, இலை, மக்குகிற குப்பை எல்லாம் போட்டு, மண்புழுவை விட்டு, மூன்று மாசத்தில் உரமாகச் சலித்தெடுப்பது அவள் பொறுப்பு. எந்தக் குழியை என்று நிரப்பினாள் என்பதற்குச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருப்பாள். அவளைத் தவிர யாருக்கும் புரியாது. புழுக்களையும் அவள் விட்டுவைப்பதில்லை. ஈரச்சாக்கைத் தூக்கிப் பார்த்து, "தின்னுட்டுத் தூங்குதுக பாரு, இதுகளும் ஆபீசுல வேலைக்குச் சேந்துருச்சோ என்னமோ" என்று திட்டுவாள்.

கூடம் வருவதற்கு முன்னால் ஊர்க்குப்பை முழுவதும் கண்மாய்க்குள்தான் போனது. கொட்டுவார்கள், கொளுத்துவார்கள். அந்த நாளில் சுந்தரம்மாளிடம் இரண்டு வெள்ளாடுகள் இருந்தன. ஒன்று சினை. ஒரே வாரத்தில் இரண்டும் வயிறு ஊதிச் செத்தன. அறுத்துப் பார்த்தபோது தேங்காய் அளவுக்குச் சுருண்ட கேரிபேக் பந்து உள்ளே இருந்தது. அந்தப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் மேசை மேல் வைத்தவள்தான் அவள். கூடம் வந்ததற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். அவளைப் பொறுத்தவரை அந்தப் பந்துதான் காரணம்.

அந்தக் கூடத்துக்குத்தான் போன வருசம் ஆபத்து வந்தது. வந்தது படிப்பு வழியாக.

முன்பெல்லாம் விருந்தாளி வந்தால் எவர்சில்வர் டம்ளரில் காப்பி. இப்போது காதுகுத்து, சடங்கு, சும்மா பெண் பார்க்க வருவது எல்லாவற்றுக்கும் பேப்பர் கப். குடித்ததும் கப் பச்சை வாளிக்குப் போகும். சுந்தரம்மாள் எடுத்து வெளியே எறிவாள். வீட்டுக்காரர்கள் திரும்ப உள்ளே போடுவார்கள், மற்ற இரண்டு பெண்களின் வண்டியில் அது அப்படியே குழிக்கு வந்துவிடும். ஒரு நாள் காளீஸ்வரியின் மகள், ஐந்தாம் வகுப்பு படிப்பவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாடம் நடத்தினாள்.

"பேப்பரு மரத்துல இருந்து வருது. மரத்துல இருந்து வாரதெல்லாம் மக்கும். புத்தகத்துல போட்டுருக்கு."

புத்தகம் நிஜம்தான். சுத்தம், சுகாதாரம், மண், தண்ணீர் பற்றிய மெல்லிய வண்ணப் புத்தகம். எந்த ஊரிலோ யாரோ அச்சடித்து ஊருக்கெல்லாம் இலவசமாக அனுப்பியது. பத்தாம் பக்கத்தில் ஒரு பச்சை வாளி. அதற்குள் வாழைப்பழத்தோல், பூமாலை, காய்கறி, கூடவே பூப்போட்ட ஒரு பேப்பர் கப். பிள்ளைகள் படித்தார்கள், வீட்டுக்கு வந்து அம்மாக்களுக்குச் சொன்னார்கள். அம்மாக்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

"படிக்காத வீட்டு வாளி சுத்தமா இருக்கு. அங்கன டம்ளரக் கழுவிக் கவுத்துதாக" என்று சுந்தரம்மாள் தெருவில் நின்று கத்தினாள். "பிள்ளை படிக்கிற வீடாப் பாத்து இந்தச் சனியன் கெடக்கு. என்னத்தட்டி படிக்கிறிய?"

கப் முழுக்க மக்காமல் இருந்தால்கூட அவள் பொறுக்கி எடுத்துவிடுவாள். அதுதான் இல்லை. பேப்பர் மக்கிவிடும். உள்ளே டீ ஊறாமல் இருப்பதற்காக ஒட்டியிருக்கிறதே, வெங்காயச் சருகு மாதிரி ஒரு படலம், அது மக்காது. கிழிந்து துண்டு துண்டாகி, மண் நிறத்தில் உரத்தோடு கலந்து, சல்லடைக் கண்ணிலும் நுழைந்துவிடும்.

சேத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற சுந்தரபாண்டியன் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு டிராக்டர் உரம் எடுத்துப் போய் மரத்தடியில் போட்டார். போட்டுத் தண்ணீர் பாய்ச்சிய மறுவாரம், மீதி மூட்டைகளைத் திரும்பக் கொண்டுவந்து கூடத்து வாசலில் இறக்கினார்.

"என்ன சுந்தரம்மா இது? மண்ணு கழுவிப் போனதும் தோப்பு பூரா மினுங்குது. ஒடஞ்ச கண்ணாடியக் கொட்டுன மாதிரி இருக்கு. என் மாடு அங்கனதான மேயும்?"

மாடு என்றதும் சுந்தரம்மாள் ஒரு மூட்டையை அவிழ்த்து, உரத்தை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். அவள் வாயடைத்து நின்றதை அன்றுதான் ஊர் பார்த்தது.

ஊராட்சிச் செயலர் பால்சாமி கெட்டவர் இல்லை. எந்தச் சிக்கலுக்கும் எளிய வழி எதுவோ அதைப் பிடித்துக்கொள்கிறவர். "தை மாசம் எடுக்குற அடுத்த லோடும் திரும்பி வந்தா கூடத்தப் பூட்டிர வேண்டியதுதான் பெரியம்மா. வாங்க ஆளில்லாத உரத்த வச்சு என்ன செய்ய? பழையபடி கண்மாய்க்குள்ள..." என்று இழுத்தார்.

"கொளுத்துவ. அதான?"

"நானா செய்யுதேன்? மேல கேக்குதாகல்ல."

மறுநாள் காளீஸ்வரி மகளின் புத்தகத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டு சுந்தரம்மாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினாள். புத்தகத்தில் தப்பு இருந்தால் படிப்பு ஆபீசில் சொல்ல வேண்டும். அவளுக்கு அதில் குழப்பம் இல்லை. வாசலில் வேப்பமரம் நிற்கும் ஓர் அலுவலகத்தைக் காட்டினார்கள். அங்கே மூன்று மேசை. முதல் மேசை இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது மூன்றாவதைக் காட்டியது, மூன்றாவது சாப்பிடப் போயிருந்தது. திரும்பி வந்தவர் புத்தகத்தைப் பார்க்கவில்லை. "எதுன்னாலும் எழுத்துமூலமா குடுங்கம்மா" என்றார்.

வேப்பமரத்தடியில் மனு எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுந்தரம்மாள் அவரிடம் ஆடு செத்ததிலிருந்து ஆரம்பித்தாள். அவள் தென்னந்தோப்புக்கு வருவதற்குள் அவர் எழுதி முடித்து மைப்பெட்டியை நீட்டிவிட்டார். கைரேகை வைத்தாள். அலுவலகத்தில் சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள். திருப்தியாக ஒரு டீ குடித்தாள். டீ வந்தது பேப்பர் கப்பில். அதை அங்கே போட மனமில்லாமல் மடக்கிக் கோட்டுப் பைக்குள் வைத்து ஊர் வரைக்கும் கொண்டுவந்தாள்.

நாற்பது நாள் கழித்துத் தாலுகா ஆபீசிலிருந்து தபால் வந்தது. மாரீஸ்வரியிடம் வாசிக்கக் கொடுத்தாள். மாரீஸ்வரி பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, படிக்காத பெரியவர்களுக்குச் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற பெண். வாசித்தவள் இரண்டாம் தடவையும் வாசித்தாள்.

"பெரியம்மா, நீங்க விதவைப் பென்சன் கேட்டு மனுக் குடுத்தீகளா?"

"நான் எதுக்குட்டி கேக்கேன்?"

"நீங்க ஊராட்சியில வேல பாக்குறதால குடுக்க முடியாதுன்னு போட்டுருக்காக."

சுந்தரம்மாளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. வெள்ளைச் சேலைக் கிழவி ஒருத்தி மனு எழுத வந்தால் அது பென்சனுக்குத்தான் என்று மரத்தடிக்காரர் முடிவு செய்துவிட்டார். காது அவள் பக்கம், கை வழக்கத்தின் பக்கம்.

"நான் கப்பப் பத்திச் சொல்லுதேன், அந்தக் கட்டையில போறவன் என் புருசன் செத்ததப் பத்தில்ல எழுதிருக்கான்! அவரு செத்தது ஊருக்கே தெரியுமே, அத எழுதவா நான் பஸ்ஸேறிப் போனேன்?" கடிதத்தை நாலாக மடித்து மாரீஸ்வரி கையிலேயே திணித்தாள். "இனி எவங்கிட்டயும் சொல்லி எழுதப்போறதில்ல. நாளைக்கு நானே உன் வகுப்புக்கு வாரேன்."

இதே மாரீஸ்வரி ஒரு வருசமாகக் கூப்பிட்டபோது, "எழுத்துப் படிச்சு நான் கலெக்டராகவா போறேன்" என்று விரட்டியவள் அவள்தான்.

வகுப்புக்கு வந்தாள், கோட்டோடும் விசிலோடும். கதவோரம் உட்கார்ந்தாள். மாரீஸ்வரி பலகையில் 'அம்மா', 'ஆடு' என்று எழுத, பின்னாலிருந்து குரல் வந்தது.

"இதெல்லாம் பொறவு பாத்துக்கிடலாம்ட்டி. மொதல்ல 'பேப்பர் கப்பு மக்காது'ன்னு எழுதச் சொல்லிக் குடு."

"வரிசையாத்தான் பெரியம்மா படிக்கணும்."

"உன் வரிசை முடியுறதுக்குள்ள தை பொறந்துரும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அய்யம்மாளுக்கு அப்போதுதான் தன் பெயர் எழுத வந்திருந்தது. "செத்த நேரம் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரேன் சுந்தரம், எனக்கு எழுத்து மறந்து போகுது" என்று கெஞ்சினாள். வாரம் மூன்று நாள் வகுப்பு. மூன்று நாளும் இதே ரகளை. ஆனாலும் எழுத்து வந்தது. சிலேட்டைக் கையால் அழிக்காமல் கோட்டு முனையால் அழிப்பாள். குச்சியை ஊக்கு பிடிக்கிற மாதிரிப் பிடிப்பாள். புரட்டாசியில் தன் பெயரை முழுசாக எழுதிவிட்டாள். ஐப்பசியில் பஸ் போர்டு வாசித்தாள். 'மக்காது' என்ற சொல் மட்டும் இன்னும் இரண்டு பக்கம் தள்ளி இருந்தது.

ஏழாவது பாடத்துக்கு மாரீஸ்வரி எடுத்து வந்தது அதே மெல்லிய புத்தகம். பத்தாம் பக்கம். பச்சை வாளி. சுந்தரம்மாள் படத்தைப் பார்த்தாள், மாரீஸ்வரியைப் பார்த்தாள்.

"உனக்குமாட்டி இதையே குடுத்துருக்காக?"

"சண்டை வேண்டாம் பெரியம்மா. இன்னைக்குச் செயல்முறைப் பயிற்சி, போட்டோ எடுத்து அனுப்பணும்."

செயல்முறை என்னவென்றால், வகுப்பில் எல்லோருக்கும் டீ. பேப்பர் கப்பில். குடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து வந்து, 'இது மக்கும் குப்பை' என்று சொல்லிப் பச்சை வாளியில் போட வேண்டும். பத்தொன்பது பேர் போட்டார்கள், பத்தொன்பது தடவை கை தட்டினார்கள். அய்யம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டே போட்டாள். சுந்தரம்மாள் டீயைத் தொடவில்லை. இருபது பேர் உட்கார்ந்திருக்கிற போட்டோவில் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிற முகம் அவளுடையது.

மறுநாள் காலையில் அந்த வாளியை எடுக்க வந்தவளும் அவள்தான். பத்தொன்பது கப்பையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பள்ளிக்கூடத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தாள். ராஜபாளையம் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த மாரீஸ்வரி வரிசையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீங்க சொல்லுறது சரியாவே இருக்கட்டும் பெரியம்மா. ஆனா நான் புத்தகத்துல உள்ளதத்தான நடத்த முடியும்?"

"கண்ணு எதுக்கு வச்சுருக்க? மை போடவா?"

மாரீஸ்வரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "ஞாயித்துக்கெழம பரீட்சை. இருபது பேரும் பாஸாகணும், எம்பேரு அதுல இருக்கு. புத்தகத்துல உள்ளபடி எழுதுனாத்தான் மார்க்கு. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வாய மூடிக்கிட்டுக் கப்புக்கு வட்டம் போட்டுருங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

சுந்தரம்மாள் சப்பரத்தைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருபது பேர் பரீட்சைக்கு உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் முழங்கால் இடித்தது. வெற்றிலை போட முடியாமல் பலருக்கு எரிச்சல். அய்யம்மாள் பயத்தில் பேனாவைத் திறக்காமலே எழுதிக்கொண்டிருந்தாள். சுந்தரம்மாள் நிதானமாக எழுதினாள். ஊர்ப் பெயர் எழுதினாள், கூட்டல் போட்டாள், நாலு வரி வாசித்துக் கோடிட்ட இடம் நிரப்பினாள். கடைசிக் கேள்வியில் படம். நாலு பொருள். மக்கும் குப்பைக்கு வட்டமிடுக.

வாழைப்பழத்தோலுக்கு வட்டம் போட்டாள். பூமாலைக்குப் போட யோசித்து, நூல் இருக்கிறதா என்று தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் போட்டாள். பாட்டிலை விட்டாள். நாலாவதில் பேனா நின்றது. பூப்போட்ட கப்.

மாரீஸ்வரி பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கும்பிடுவதற்குத் தயாராக இருந்தாள்.

"ஏட்டி, இந்தத் தாளெல்லாம் எங்க போகும்?"

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெரியம்மா. அங்கன ஆபீசுல வச்சுத் திருத்துவாக."

"எந்த ஆபீசு? வாசல்ல வேப்பமரம் நிக்குமே, அதா?"

"அதேதான்."

"ஒவ்வொரு தாளையும் பாப்பாகளா?"

"பாக்காம எப்படி மார்க்குப் போடுவாக?"

சுந்தரம்மாள் பேனாவை மூடி வைத்தாள். கோட்டுப் பையிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள். பாக்குத் துண்டுக்கும் சில்லறைக்கும் நடுவில் மடித்து வைத்திருந்த எதையோ விரலால் வெளியே எடுத்து, ஊதிப் பிரித்தாள். வெங்காயச் சருகு போல, கண்ணுக்கு அடுத்த பக்கம் தெரியும் மெல்லிய படலம். உரக்குழியில் கிழியாமல் கிடைத்த ஒன்று, மண்ணெல்லாம் கழுவியிருந்தது. பேப்பர் முழுக்கப் போய்விட்டது, ஆனால் கப்பின் உருவம் அப்படியே நின்றது. வாய் வட்டம், அடி வட்டம், எதுவும் குலையவில்லை. அதைப் பரீட்சைத் தாளில், அந்தப் பூப்போட்ட படத்தின் மேல் வைத்துத் தட்டையாக அழுத்தினாள். கழுத்துக் கயிற்றிலிருந்து ஊக்கைக் கழற்றித் தாளோடு சேர்த்துக் குத்தினாள். இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. தாளின் தலைப்பில் தான் எழுதியிருந்த பெயரை ஒரு தடவை விரலால் தொட்டு வாசித்துவிட்டு நீட்டினாள்.

மாரீஸ்வரி தாளை வாங்கினாள். ஊக்கைப் பார்த்தாள். அதைக் கழற்ற விரலைக் கொண்டுபோனாள்.

சுந்தரம்மாள் விசிலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.